தாண்டவராயன் எஞ்சினுக்கு ஒரு நாசில்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புதுத் தொழில்கள் ஏன் தேறுகின்றன, ஏன் கவிழ்கின்றன என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு காரணங்கள் கிடைத்தன: இருப்பதை வைத்துச் சமாளிக்கும் சாமர்த்தியம், கூடச் சேர்ந்தவர்களின் குணம். மூன்றாவது வரியில் வரதன் ஸ்பேனரோடு வந்து நின்றான். கட்டுரை படுத்துவிட்டது.

2
1979, உத்திரமேரூர். டீசல் புகைக்கு நடுவே, விடியலின்...

(வேண்டாம். புகையில் தொடங்கும் கதை கடைசிவரை இருமும்.)

வரதனும் மனைவி கனகாவும் கூட்டாளி முனிரத்தினமும் பம்புசெட் எஞ்சின் ரிப்பேர் கடை போட்டு ஆறு மாதம். வரதனுக்குக் கை, முனிரத்தினத்துக்கு வாய். கனகாவுக்கு என்ன என்பது எனக்குப் பிடிபடவில்லை.*

உதிரிபாகம் மெட்ராஸிலிருந்து வரப் பத்து நாளாகும். முனிரத்தினமோ எல்லோரிடமும் "நாளைக்கே ஓடும்" என்பான். ஆகவே வரதன் ஒரு வழி கண்டான்: காத்திருக்கும் எஞ்சினிலிருந்து பாகத்தைக் கழற்றி அவசர எஞ்சினில் மாட்டுவது. ஊரே மெச்சியது.

* கேட்டேன். "வேல கீது" என்று போய்விட்டாள்.

3
வெள்ளிக்கிழமை வரச்சொன்ன திருப்புலிவனம் தாண்டவராயன் புதன்கிழமையே மாட்டுவண்டியோடு வந்துவிட்டார்.

"கதிர் வர்ற நேரம். நெலம் வெடிச்சிக் கீதுப்பா. எஞ்சின ஏத்து."

அவர் எஞ்சினில் டீசல் பீய்ச்சும் நாசில் நேற்றுத்தான் வேறொருவர் கிணற்றுக்குப் போயிருந்தது. கழற்ற, ரிப்பேருக்கு வந்த வேறு எஞ்சின் எதுவும் கடையில் இல்லை. வரதன் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"டீ சாப்டுக்கினு இரு நைனா, தோ ஆய்டும்" என்றான் முனிரத்தினம்.

"இன்னாத்துக்குப் பொய் சொல்லிக்கினு கீறே?" என்றாள் கனகா. "நாசில் இல்ல பெரீப்பா. உன்னுத கயட்டி வேற ஆளுக்குப் போட்டுட்டாங்க."

தாண்டவராயன் திட்டவில்லை. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது வரதனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

4
முதல் முடிவு: அந்த நேரம் பார்த்து மெட்ராஸ் லாரி வருகிறது. (எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

இரண்டாவது: கூட்டாளிகள் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். (கட்டுரைக்கு உதவும், நெல்லுக்கு உதவாது.)

மூன்றாவதைக் கனகா என்னைக் கேட்காமலே தொடங்கினாள். மூலைக்குப் போனாள். அங்கே கடையின் சொந்த எஞ்சின், அவள் அப்பா கொடுத்தது; அதிலும் இதே நாசில்தான். துளை போடுவதும் சாணை பிடிப்பதும் அதில்தான். ஆயுதபூஜையன்று கடை திறந்தபோது பொட்டு வைத்ததோடு சரி, அதைக் கழற்றலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

"அத்தக் கயட்னா பத்து நாளு கடைய மூடணும். இருக்கிற கிராக்கியும் பூடும், கனகா" என்றான் வரதன்.

"அவரு பயிரு?"

ஸ்பேனருக்குக் கை நீட்டினாள்.

5
இங்கே நிறுத்துகிறேன். நான் கொடுக்கவைத்தால் நல்ல பேர் எனக்கு வந்துவிடும். ஸ்பேனர் இன்னும் வரதன் கையில்தான் இருக்கிறது. தாண்டவராயன் தலைநிமிர்ந்து பார்க்கிறார். அவனிடமிருந்து வாங்கி நீங்களே அவள் கையில் வையுங்கள், அல்லது கடையைக் காப்பாற்றுங்கள். யோசிக்கலாம், ஆனால் திருப்புலிவனத்தில் வெயில் ஏறிவிட்டது.