அம்மாவை அடையாளம் தெரியுமா?

கூடத்தில் வாய்க்கரிசி போடப் பெண்கள் எழுந்தபோது, உள்ளறையில் ஜீவிதா தங்கைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். தமிழினிக்குப் பதினாறு வயது. பேச்சு கிடையாது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். வலிப்பு வேறு வரும். வயிற்றுவலி என்று போன வாரம் ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா கங்கையம்மாள், இன்று காலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வீடு திரும்பியிருந்தாள்.

"அதுக்கு இன்னாத்துக்குடி சீவி சிங்காரிச்சிகினு கீற?" என்றாள் அத்தை தாயாரம்மாள், வாசற்படியில் நின்று. "தூக்க நேரமாவுது."

"அவளும் அரிசி போடணும் அத்தை."

"அதுக்கு இன்னா தெரியும்?"

அப்பா குப்புராஜ் உள்ளே வந்தார். மாடம்பாக்கத்தில் செங்கல், மணல் கடை வைத்திருப்பவர். தோளில் ஈரத்துண்டு, கையில் போன்.

"வண்டலூர் தாண்டி ஒரு ஹோம் கீதாம். பேசிட்டேன். திங்கக்கிழம இட்டுகினு வரச் சொன்னாங்கோ."

"அம்மாவ இன்னும் எடுக்கவே இல்லப்பா."

"எடுத்தப்பறம் யாரு பாத்துக்குவா? நீ ஆபீசுக்குப் பூடுவ, நான் கடையில இருப்பேன். யாரு கழுவி வுடுவா, யாரு ஊட்டுவா?" குரலைத் தணித்துக்கொண்டார். "அந்த ஸ்கூல் ரிப்போர்ட்ட போட்டோ புடிச்சி அனுப்புனேன். பெத்த தாயவே தெரியாதுன்னு எழுதிக்கீது. அப்போ அது எங்க இருந்தாலும் ஒண்ணுதான்னு அவங்களே சொல்லிட்டாங்கோ."

ஜீவிதாவின் கையில் சீப்பு நின்றது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதிய ரிப்போர்ட் அது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சிறப்புப் பள்ளி. மிகவும் முடியாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம், அதையும் சோதித்துப் பார்த்துத்தான் தருவார்கள். அப்பா வரவில்லை. வெளியே காத்திருந்த ஒரு தாய்தான் அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னாள்: "இது தெரியும் அது தெரியும்னு பெருமையா சொல்லிடாதீங்க அக்கா. சீட்டு போயிடும். என் பையனுக்கு அப்படித்தான் போச்சு."

உள்ளே ஓர் இளம்பெண் மேஜைமேல் மரக்கட்டைகளையும் ஒரு டப்பாவையும் வைத்தாள். "தமிழினி, இத எடுத்து டப்பாவுல போடு பார்க்கலாம்." தமிழினி கையைத் தூக்கப் போனாள். மேஜைக்கு அடியிலேயே அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தமிழினி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை அங்கேயே விட்டுவிட்டாள்.

"சொன்னா புரிஞ்சுக்குவாளா?"

"தெரியாதும்மா."

"பசிச்சா கேட்பாளா?"

"கேக்கத் தெரியாது."

"அம்மாவ அடையாளம் தெரியுமா?"

இதற்கு மட்டும் அம்மா தமிழினியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜீவிதா தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில், "தெரியாதும்மா" என்றாள் அம்மா. சீட்டு கிடைத்தது. வீடு திரும்புகிற வரை அம்மா தமிழினியின் கையை விடவில்லை.

"அது பொய்ப்பா," என்றாள் ஜீவிதா. "சீட்டுக்காக அம்மா சொன்னது."

"உங்கம்மாதான சொல்லிச்சி? நானா சொன்னேன்?"

ஜீவிதா தங்கையைத் தூக்கி நிறுத்தி, கைத்தாங்கலாகக் கூடத்துக்கு நடத்திக்கொண்டு போனாள். கூட்டம் வழிவிட்டது. தமிழினியின் உள்ளங்கையில் அரிசியை வைத்து மூடினாள்.

"தமிழு, அம்மா எங்க? காட்டு."

அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகக் கேட்டாள். தமிழினி மாலையைப் பார்த்தாள். மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தாள். கண்ணாடியைத் தொட்டு, அந்தச் சில்லிப்பில் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அரிசி தரையில் சிதறியது.

"இங்க பாருடி. யாரு இது? சொல்லு, யாரு இது?"

தமிழினி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"போதும், வுடு," என்றார் அப்பா. "எல்லாரு முன்னாடியும் இன்னாத்துக்கு." பிறகு வாசலைப் பார்த்து, "தூக்குங்கப்பா," என்றார்.

மேளம் தெருமுனை திரும்பித் தேய்ந்து போனது. பெண்கள் கூடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தார்கள்.

அப்போது, மூலையில் உட்கார வைத்திருந்த தமிழினி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தள்ளி உள்ளே பார்த்தாள். சமையலறைக்குப் போய் அடுப்பு மேடையருகே கொஞ்ச நேரம் நின்றாள். படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் தலையை நீட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து ஈரத்தரையில் நின்றவள், மறுபடி பாத்ரூமிலிருந்து தொடங்கினாள்.

"வழுக்கி வுழப்போவுதுடி. இன்னாத்த தேடிகினு கீது இது?" என்றாள் அத்தை. "புடிச்சி உக்கார வை."

ஜீவிதா துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தாள்.

பின்பக்கக் கதவு தாழ் போட்டிருந்தது. தமிழினி அதை உள்ளங்கையால் தட்டினாள், நிறுத்தினாள், மறுபடி தட்டினாள். ஜீவிதா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள். அம்மா துணி துவைக்கிற கல்மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தமிழினி அங்கேயும் எட்டிப் பார்த்தாள்.