ஏழு உருண்டைப் பச்சை நூல்

என் மகள் மார்கரெட்டுக்கு ஒன்று வேண்டுமென்றால் வேண்டும். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒரு ஆபீசர் வீட்டில், கம்பளி நூலால் செய்த கிறிஸ்துமஸ் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அட்டையைக் கூம்பாகச் சுருட்டி, தடித்த பச்சை நூலைக் குஞ்சம் குஞ்சமாகக் கட்டி, கீழிருந்து மேல்வரை அடுக்கியிருந்தார்களாம். வருஷா வருஷம் நாங்கள் டால்டா டின்னில் மணலை நிரப்பி, சவுக்குக் கிளை ஒன்றை நட்டுவைப்போம். இனிமேல் அது அவளுக்கு ஆகாதாம்.

"சவுக்கு அடுப்பெரிக்கறதும்மா," என்றாள். ஏழு வயசுக்கு வாய் கொஞ்சம் அதிகம். என்னிடமிருந்து போனதுதான்.

அந்தத் தடிமனில் நூல் செங்கல்பட்டில்கூடக் கிடைக்கவில்லை. பஸ்ஸில் இடிபட்டுப் போய், நாலு கடை ஏறி இறங்கி, வெறுங்கையோடு திரும்பினேன். எரிச்சலில் உட்கார்ந்திருந்தபோது என் வீட்டுக்காரர் ஆபிரகாம் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பச்சை ஸ்வெட்டரை என் மடியில் போட்டார்.

"இத்தப் பிரிச்சுக்க ஜெசிந்தா. இந்த ஊரு புழுக்கத்துக்கு சொட்டரு இன்னாத்துக்கு?"

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. நூல் கிடைத்ததற்காக இல்லை. டெக்னீஷியன் வேலையில் அவரை ராஜஸ்தானத்துக் கோட்டாவுக்கு அனுப்பி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. லீவில் வந்தவர், ஜனவரியிலிருந்து இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். போகாதீங்க, போகாதீங்க என்று தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தேன். ஸ்வெட்டரைப் பிரிக்கச் சொல்கிற மனுஷன் மறுபடி அந்தக் குளிருக்கா போவார்? மாட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். நான் ஒரு மண்டு.

அந்த ஸ்வெட்டர் என் கையால் பின்னியது. அவர் முதல் தடவை கிளம்பியபோது, புதுப்பட்டினம் பஜாரில் கடை வைத்திருக்கும் நூர்முகமது பாய் மெட்ராஸிலிருந்து ஏழு உருண்டை நூல் வரவழைத்துக் கொடுத்தார். பதினெட்டு நாளில் முடித்தேன். ஒரு உருண்டை தீர்ந்து அடுத்ததைத் தொடங்கும்போது முடிச்சுப் போடக் கூடாது, இரண்டு முனையையும் பிரித்து முறுக்கிச் சேர்க்க வேண்டும் என்று பின்னல் சொல்லிக்கொடுத்த கான்வென்ட் சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். என் கை கேட்காது. கோவளத்தில் வலை முடிகிற வீட்டில் பிறந்த கை அது. வலை முடிச்சுதான் போடும். முதுகில் இரண்டு, முன்பக்கம் இரண்டு, கைக்கு ஒவ்வொன்று, ஆக ஆறு முடிச்சு. உள்பக்கம் இருப்பதால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடும் ஆன பிறகு பிரிக்க உட்கார்ந்தோம். அவர் எதிரே சம்மணம் போட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார். நான் தையலைப் பிரித்து, முதுகுத் துண்டிலிருந்து இழுக்க இழுக்க, சுருட்டை முடி போல வந்த நூலை அவர் கையில் சுற்றினேன். மார்கரெட் பழைய காலண்டர் அட்டையை வைத்துக்கொண்டு கூம்பு சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நைனா, கைய ஆட்டாத!"

"ஆட்டலம்மா. உங்கம்மாதான் இஸ்த்துகினு கீறா."

மூன்று பேரும் சிரித்தோம். ரொம்ப நாளாயிற்று அப்படிச் சிரித்து.

முதுகு பாதி பிரிந்தது. முடிச்சு வரவில்லை. கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று இழுத்தேன். முழு முதுகும் பிரிந்தது. ஒரு முடிச்சுகூட இல்லை. நடுவில் ஒரு இடத்தில் நூல் லேசாகப் பருத்து வந்தது. விரலால் உருட்டிப் பார்த்தேன். இரண்டு முனையைப் பிரித்து, முறுக்கிச் சேர்த்திருந்தது. சிஸ்டர் பார்த்தால் பிரைஸ் கொடுத்திருப்பார்.

முன்பக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அதே பச்சை, அதே பின்னல். கழுத்துக்குக் கீழே நான் ஒரு கண்ணி தவறவிட்டிருந்தேன். அந்தத் தப்புகூட அதே இடத்தில் இருந்தது. என் ஸ்வெட்டரை எதிரில் விரித்துவைத்துக்கொண்டு, கண்ணி கண்ணியாக எண்ணி யாரோ பின்னியிருக்கிறார்கள்.

"மார்கரெட், எதிர் வூட்டு சுராயா அக்காகிட்டப் போயி பெரிய கத்திரிக்கோலு வாங்கினு வா," என்றேன். அவள் ஓடினாள்.

அவர் கையில் நூல் சுற்றியபடியே இருந்தது.

"இத்த யாரு பின்னுனது?"

"இன்னா கேக்கற? நீதான."

"நான் போட்ட முடிச்சு ஒண்ணுகூட இதுல இல்ல."

"முடிச்சா? இன்னா முடிச்சு?" என்றார். பொம்பளைகள் பின்னினால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருக்கிறார். முகம் வெளுத்துவிட்டது. கையை இறக்கப் பார்த்தார்.

"எறக்காதீங்க. சிக்காயிடும்."

அப்படியே வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "கோட்டாவுல, பக்கத்து குவார்ட்டர்ஸ்ல ஒரு டீச்சரு. நீ பின்னுனது அவகிட்டயே இருக்கட்டும், இத்தப் போட்டுகினு போன்னு குடுத்தா."

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. இதைப் பிரிக்கத் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தாரே, ஏன்? குளிருக்கு என்னுடையது அங்கே இருக்கிறது.

"இன்னும் ஒரு வருஷம்னு ஆபீசுல கேட்டாங்களா, நீங்க கேட்டீங்களா?"

நூல் சுற்றிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவேண்டும் போலிருந்தது. அந்த நூலாலேயே அவர் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டவேண்டும் போலிருந்தது. வாசலில் மார்கரெட்டின் செருப்புச் சத்தம் கேட்டது.

"போங்க," என்றேன் மெதுவாக. "போயி என் சொட்டர எடுத்துகினு வாங்க. அது இல்லாம வந்தீங்கன்னா இந்த வூட்டு வாசப்படி ஏறாதீங்க."

மார்கரெட் கத்திரிக்கோலோடு வந்து நின்றாள். நான் அடுத்த துண்டை இழுக்கத் தொடங்கினேன்.

நூலை வெந்நீரில் நனைத்து, சுருள் போகக் காயவைத்து, வெட்டி, குஞ்சம் கட்டினோம். எல்லாம் வலை முடிச்சு. ஏழு உருண்டைக் கணக்கில் கூம்பு சுருட்டியிருந்தோம். அந்த டீச்சர் ஆறு உருண்டையிலேயே முடித்திருக்கிறாள். என்னைவிட இறுக்கிப் பின்னுகிற கை. உச்சியில் ஒரு சாண் அட்டை மூடாமல் நின்றது. அதில் அச்சடித்திருந்த டிசம்பர் மாதத் தேதிகள் தெரிந்தன.

"நைனா, கோட்டாவிலேர்ந்து மீதிக்கு நூலு கொண்டா," என்றாள் மார்கரெட்.

கிறிஸ்துமஸ் பெரிய நாளன்று, நான் கொடுத்தனுப்பிய கேக் தட்டைத் திருப்பித் தர வந்த சுராயா, "இன்னாக்கா, நல்லா பண்ணிட்டு உச்சிய மொட்டையா வுட்டுட்ட?" என்று கேட்டாள். நூல் வரவேண்டும் என்றேன். அவர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி இரண்டாம் தேதி ரயிலுக்கு அவர் போகவில்லை. இன்னொரு வருஷம் வேண்டாமென்று ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மார்கரெட் குதித்தாள். நானும் குதிக்கவேண்டியவள்தான், அதைத்தானே நாள் தவறாமல் கேட்டேன்?

ஜனவரி ஆறில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்தால் மரத்தை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை. அலமாரி மேல் மொட்டை உச்சியோடு இருக்கிறது. அவர் தினமும் ஆறு மணி பஸ்ஸில் வந்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறார். போகாததால் அவர் வந்துவிட்டார் என்று ஆகிவிடுமா? என் ஸ்வெட்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறது.