தள்ளி நின்ற மலை

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த மலை நாற்பது அடி தெற்கே தள்ளி நின்றது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதன்மேல் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலைகூடத் தூக்கவில்லை. ஆறரை மணி பஸ் ஓட்டுநர் மட்டும் வழக்கமான இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பப் போய், வளைவு அங்கே இல்லாததைப் பார்த்து, இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டித் திருப்பினார்.

மலை தள்ளி நின்றதற்குக் காரணம், எதிர்ச் சரிவில் தனியாக இருந்த ஓட்டு வீட்டின் டிவி. அந்த வீட்டில் ரோடு ரோலர் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவரும், தையல் வேலை செய்யும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர்களுடைய ஒரே மகள், அப்பா தன் இலாகாவில் கெஞ்சாத குறையாக வாங்கிவைத்த குமாஸ்தா வேலை வேண்டாம் என்று சொல்லி, ஆறு வருடங்களுக்கு முன் நகரத்துக்குக் கிளம்பினாள். “போறதுன்னா போ. திரும்ப இந்தப் படி ஏறாதே” என்றார் அவர். அவளும் ஏறவில்லை. அம்மாவுக்குக் கடிதம் மட்டும் வரும். மாலை ஏழு மணிச் செய்தியை இனி நான்தான் வாசிக்கப் போகிறேன் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள்.

தையல்காரி தைத்துக்கொண்டிருந்த துணியை மிஷினிலேயே விட்டுவிட்டு டவுனுக்குப் போய் டிவியும் ஆன்டெனாவும் வாங்கி வந்தாள். ஏழு மணிக்கு அதில் அரிசி கொட்டியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வந்தன. நடுவில் ஒரு நிழல் அசைந்தது. அது மகளா, மேஜை விளக்கா என்று சொல்ல முடியவில்லை.

அந்த வட்டாரத்தில் ஆன்டெனா வேலைக்கு ஒரே ஆள்தான். சொந்த ஏணியைத் தோளில் சுமந்து வருவதால் அவளுக்கு ஏணியக்கா என்று பெயர். “படம் வராம நான் எந்தக் கூரையிலேர்ந்தும் இறங்கினதில்ல” என்று சொல்லிக்கொண்டே மறுநாள் வந்து ஏறினாள். கடையில் கொடுத்த மெல்லிய ஒயரை வெட்டி எறிந்து, தடித்த கேபிள் இழுத்து, மழைநீர் இறங்காதபடி மூட்டில் ரப்பர் டேப் சுற்றினாள். பத்தடிக் கம்பத்தை இருபதடி ஆக்கி மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினாள். உச்சியில் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் ஒன்றை மாட்டினாள். ஏழு மணிச் செய்தி தொடங்கியதும் ஆன்டெனாவை விரற்கடை விரற்கடையாகத் திருப்பினாள்.

“இப்போ?”

“குரல் வருது!” என்று ஜன்னலிலிருந்து கத்தினாள் தையல்காரி.

“இப்போ?”

“அய்யோ, போச்சு! பழையபடி வை!”

மகள் அணைகளின் நீர்மட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். முகம்தான் வரவில்லை. ஏணியக்கா இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். “என்னால ஆனதெல்லாம் செஞ்சாச்சுக்கா. டவர் அந்தப் பக்கம் இருக்கு. நடுவுல மலை நிக்குது. அது தள்ளி நின்னா உண்டு.”

கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் அதுவரை திரும்பியே பார்க்கவில்லை. டிவியில் மகளின் குரல் கேட்டதும் கோடாலி நின்றது. “அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு” என்றார், யாரிடமும் என்றில்லாமல்.

விடிந்ததும் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனார். மலைகளோடு முப்பத்தொரு வருடம் பழகியவர், கூச்சப்படவில்லை. “உன் மேல ரோலர் ஓட்டினப்போ உன்ன ஒரு வார்த்தை கேட்டதில்ல. தப்புதான். இப்போ கேக்குறேன். எம் பொண்ணு முகத்தப் பாக்கணும். கொஞ்சம் தள்ளிக்கோ.”

மலை தள்ளிக்கொண்டது. பஸ் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி விசாரித்தபோது, “நான்தான் சொன்னேன்” என்றார். ஓட்டுநர் தலையாட்டிவிட்டுப் போய் டவுனில் சொன்னார்.

அன்று ஏழு மணிக்குப் படம் பளிச்சென்று வந்தது. “கண்ணாடி போட்டிருக்கா பாருங்க” என்றாள் தையல்காரி. “இளைச்சிட்டா” என்றார் அவர். கடைசிச் செய்தியாக, ஓய்வுபெற்ற ரோடு ரோலர் ஓட்டுநர் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒரு மலை நாற்பது அடி நகர்ந்தது என்று மகள் வாசித்தாள். வாசித்து முடித்துத் தாளைக் கீழே வைத்தாள். “தெரியுதாப்பா?” என்றாள்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். “தெரியுதும்மா. நல்லா தெரியுது. நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதே. வீட்டுக்கு வா.”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “சனிக்கிழமை வரேன்” என்று சொல்லிவிட்டு வானிலைக்குப் போனாள்.

சொன்னபடியே வந்தாள். அப்பா பஸ்ஸிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் படியேறினார். நில அளவையாளர் வந்து வரைபடத்தில் மலையை அதன் புதிய இடத்துக்கு மாற்றி வரைந்துகொண்டு போனார். அவள் இருந்த பத்து நாளும் ஏழு மணிக்கு வேறு யாரோ செய்தி வாசித்தார்கள். படம் நன்றாகத்தான் வந்திருக்கும். அந்த வீட்டில் யாரும் டிவியைப் போடவில்லை.