எடை தூக்கலாம்

காய்ச்சல் இருந்தது ஆறு நாள். போனபிறகு படுத்தியது மூன்று மாசம். ஏதோ வைரஸ் என்றார்கள். சட்டைப் பொத்தான் போட்டால் மூச்சு வாங்கும். குளித்துவிட்டு வந்தால் ஈரத்தோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். துவட்டக் கை வராது.

நான் குடோனில் மூட்டை தூக்குகிறவன். முப்பத்தெட்டு வருசம். தரைக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு பலகை, முதுகில் ஐம்பது கிலோ, அவ்வளவுதான் உத்தியோகம். மேஸ்திரி என் பெண்டாட்டியின் தம்பி. அவளுக்குத் தம்பி, எனக்கு எமன்.

"மாமா, கேட்ல நாற்காலி ஒண்ணு காலியா இருக்கு" என்றான். "உள்ள வர்றவன் போறவன் பேரை எழுதணும், அவ்வளவுதான். காய்ச்சல்ல கெட்டுப்போன ஆளுக்குக் குடுன்னு முதலாளி சொல்லிட்டாரு. எடை தூக்கக் கூடாதுன்னு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வா. இல்லேன்னா திங்கக்கிழமை பலகைக்கு வா. அதுவும் முடியாதுன்னா வீட்ல கிட."

"என் மூஞ்சியப் பாத்தா தெரியலையாடா?"

"மூஞ்சிய ஃபைல்ல வெக்க முடியாது மாமா."

பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாடி. ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைக் கட்டிப்பிடித்து ஏறினேன். அந்த நேரத்தில் டாக்டர் பார்த்திருந்தால் சீட்டென்ன, சவப்பெட்டிக்கே எழுதிக் கொடுத்திருப்பார். ஆனால் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். எனக்கு அடுத்த டோக்கன் கொக்கு. எங்கள் செட்டு ஆள்தான், நெட்டையன், அதனால் அந்தப் பேர். எனக்கு வந்த அதே வாரம் அவனுக்கும் காய்ச்சல். அவனுக்கு அது சுத்தமாகப் போய்விட்டது. போன வாரம்கூடப் பெண்டாட்டியைப் பின்னால் வைத்து சைக்கிளில் மேடு ஏறினான், நானே பார்த்தேன்.

டாக்டரம்மா சின்னப் பெண். தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன பண்ணுது?"

"மூச்சு வாங்குது."

"இப்ப வாங்கலையே."

"ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சா குதிரைக்குக்கூட வாங்காது."

என் பெண்டாட்டி நடுவில் புகுந்தாள். "நெசம்தாம்மா. கக்கூஸ் போயிட்டு வந்தா அரைமணி நேரம் பேச்சே வராது. நான்தான் பிடிச்சு..."

"வாயை மூடுடி" என்றேன். அந்தப் பெண்ணிடம் என் கக்கூஸ் கதை எதற்கு?

எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதாம். ரத்தம் சுத்தமாம். நான்தான் அசிங்கம்போல. கடைசியில், நடக்கவிட்டுப் பார்க்கலாம் என்றாள். விரலில் ஒரு கிளிப். துணி காயப்போடும் கிளிப்பைவிடக் கொஞ்சம் பெரிசு. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அதில் நம்பர் எரியும். ஆறு நிமிசம் வராந்தாவில் நடக்க வேண்டும், தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் சீட்டு. நர்ஸ் கூடவே வந்தாள்.

இதைச் சொன்னால் மூட்டை தூக்கியவனுக்குத்தான் புரியும். பலகையில் மூச்சிரைத்தால் மறுநாள் மேஸ்திரி உன்னைக் கூப்பிட மாட்டான். அதனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே நாங்கள் பழகிவிடுவோம். வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு எட்டுக்கு மூக்கால் இழு, நாலு எட்டுக்கு உதட்டைக் குவித்து மெல்ல ஊது. பக்கத்தில் நடப்பவனுக்குக்கூடத் தெரியாது. யோசித்துச் செய்கிற காரியமில்லை, பாரம் ஏறினால் உடம்பே அப்படிப் போகும்.

வராந்தாவிலும் அப்படித்தான் போனது. போதாததற்குக் கொக்கு பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன பெருசு, பொண்ணு பாக்கப் போறியா? ஜோரா நடக்குறியே!"

முதுகு தானாக நிமிர்ந்தது. முப்பத்தெட்டு வருசத்தில் பலகையில் என்னை முந்தியவன் கிடையாது. இந்தப் பயல் முன்னால் வாயைப் பிளப்பதற்கு, துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு நிற்கலாம்.

"மெதுவா நடய்யா!" பெண்டாட்டி அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். "மூச்சு வாங்குய்யா! இப்ப வாங்காம எப்ப வாங்கப் போற!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மூன்றாவது சுற்றில் தொடை நடுங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. உதடு மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது. நிறுத்து, நிறுத்து என்று எனக்கு நானே சொன்னேன். நிற்கவில்லை.

"தொண்ணூத்தஞ்சு" என்றாள் நர்ஸ். "சூப்பர் தாத்தா."

டாக்டரம்மா எழுதினாள். என்ன எழுதினீங்க என்று கேட்டேன். "எடை தூக்கலாம்னு எழுதியிருக்கேன். உங்களுக்கு வியாதி போயாச்சு, பயம்தான் போகலை. வேலைக்குப் போங்க, சரியாயிடும்."

பயமாம்.

அடுத்தது கொக்கு. பத்தே எட்டு வைத்தான். வாயை மீன் மாதிரித் திறந்தான், நெஞ்சைப் பிடித்தான், நர்ஸ் காலடியிலேயே மடங்கி உட்கார்ந்து இருமினான். அவள் அலறியதில் சக்கர நாற்காலி வந்தது, டாக்டரம்மாவே எழுந்து ஓடிவந்தாள். கிளிப் கழன்று தரையில் கிடந்தது. நம்பரை எவள் பார்த்தாள்?

படியிறங்கும்போது கொக்கு பின்னால் வந்து தோளில் தட்டினான், கையில் சீட்டு. "நீ கொஞ்சம் வாயத் தொறந்திருந்தா உனக்குத்தான்யா நாற்காலி. சீனியர் இல்ல? நல்ல வேளை, நீ சிங்கம்."

பெண்டாட்டி அவனைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினாள். "மூணு மாசமா வீட்ல என் உசுர வாங்கினியே, அங்க போய் மூச்சு வாங்கத் துப்பில்ல உனக்கு."

திங்கட்கிழமை மச்சான் இரண்டு சீட்டையும் ஃபைலில் வைத்தான். கொக்கு நாற்காலிக்குப் போனான். நான் சாக்கை மடித்து முதுகில் போட்டுக்கொண்டேன்.

முதல் மூட்டை ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவதில், பலகையின் நடுவில், ஊதலாம் என்று உதட்டைக் குவித்தால் ஊதுவதற்கு உள்ளே எதுவும் இல்லை. முட்டி மடங்கியது. மூட்டையோடு பலகையிலேயே உட்கார்ந்தேன். பின்னால் நாலு பேர் பாரத்தோடு நிற்கிறார்கள். "ஏறு பெருசு!" "செத்துத் தொலையறதா இருந்தா ஓரமா சாவுய்யா, முதுகு போகுது!" நானும் ஒரு காலத்தில் இப்படிக் கத்தியவன்தான். வாய் திறந்தே கிடந்தது. மூட முடியவில்லை.

கேட்டிலிருந்து கொக்கு ஓடி வந்தான். ஒரே இழுப்பில் என் மூட்டையை முதுகில் வாங்கி, பலகையில் விறுவிறுவென்று ஏறி, லாரியில் போட்டுவிட்டு இறங்கினான். கையைத் தட்டிக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பிப் போனான்.

"பாத்தியாடா?" என்றேன் மச்சானிடம், மூச்சு வந்தபிறகு. "அவன் தூக்கறதப் பாத்தியா?"

"எல்லாரும்தான் பாத்தாங்க."

"அப்புறம்?"

"அவன் சீட்டுல முடியாதுன்னு இருக்கு. உன் சீட்டுல முடியும்னு இருக்கு. முடியும்னு சீட்டு வாங்கிக் குடுத்துட்டு பலகைய அடைச்சு உக்காந்தா நான் முதலாளிக்கு என்ன பதில் சொல்ல? நீ வேலைக்கு டிமிக்கி குடுக்குறேன்னுதான் சொல்லணும்." குரலைத் தணித்தான். "நாளைலேர்ந்து வராத மாமா. அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

"அந்தச் சீட்டையாவது குடு. வேற டாக்டரப் பாக்கறேன்."

"ஃபைலுக்குப் போனது திரும்ப வராது."

கேட்டில் கொக்கு நோட்டைப் பிரித்து வைத்திருந்தான். வெளியே போகிறவன் பேரை எழுத வேண்டுமாம், புது வேலை, பயபக்தியாகச் செய்தான். என் பேரை எழுத்துக்கூட்டி எழுதினான். பக்கத்தில் திரும்பி வரும் நேரம் என்று ஒரு கட்டம் இருந்தது. என் முகத்தைப் பார்த்தான், மச்சான் பக்கம் பார்த்தான். பிறகு ஸ்கேலை எடுத்து வைத்து, அந்தக் கட்டத்தில் நேராக ஒரு கோடு இழுத்தான்.