நாலாம் பக்கத்து மரண அறிவித்தல்

சாவகச்சேரிச் சந்தைக்கு எதிரே, மருந்துக்கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம் இருக்கிறது. இரண்டு கணினி, ஒரு மின்விசிறி, நான், தட்டச்சுச் செய்யும் மதுரா. அவ்வளவுதான். ஒன்பது வருடமாக ‘தென்மராட்சி அறிவித்தல்’ என்ற இணையத்தளத்தை நடத்துகிறேன். எங்கள் தென்மராட்சிப் பகுதியில் யார் கண்ணை மூடினாலும் மரண அறிவித்தல் முதலில் என்னிடம்தான் வரும். ரொறன்ரோவில் இருப்பவரும் பாரிசில் இருப்பவரும் ஊர்ப்பெயரையும் செத்தவர் பெயரையும் போட்டுத் தேடினால் முதலாவதாக நான் வருவேன். வருவேன் என்றா எழுதினேன்? வந்தேன். அது மாசி மாதத்தோடு முடிந்துவிட்டது.

மாசியில் தேடுபொறிக்காரர் தளங்களை வரிசைப்படுத்தும் முறையை மாற்றினார்கள். யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை பார்க்கிறேன், நாலாம் பக்கத்தில் கிடக்கிறேன். நாலாம் பக்கம் வரைக்கும் எந்த மனிதன் போய்ப் பார்ப்பான்? முதல் இடத்தில் ‘அஞ்சலிமலர்’ என்று ஒரு தளம். அதை நடத்துவது யார், எந்த நாட்டில் இருக்கிறார், ஒருவருக்கும் தெரியாது. முகவரி இல்லை, தொலைபேசி இலக்கம் இல்லை. நான் ஓர் அறிவித்தலைப் போட்டுப் பத்து நிமிடத்தில் அது அங்கே இருக்கும், நான் போட்ட படத்தோடு. படத்தின் மூலையில் என் தளத்தின் பெயரும் அப்படியே இருக்கும். களவெடுத்தவனுக்கு அதை அழிக்கக்கூடப் பஞ்சி, சோம்பேறி.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இணையத்தளம் செய்து கொடுக்கும் நிருஷனிடம் போனேன். அவன் என் தளத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“அக்கா, உங்கடை எல்லா அறிவித்தலும் ஒரே மாதிரித் தொடங்குது. ‘பிறப்பிடமாகவும், வதிவிடமாகவும் கொண்ட’ எண்டு ஆயிரக்கணக்கிலை கிடக்கு. மெசினுக்கு உதெல்லாம் ஒண்டைப் பாத்து ஒண்டு கொப்பி அடிச்ச மாதிரித்தான் தெரியும்.”

“செத்தவீட்டு அறிவித்தல் அப்பிடித்தானே தம்பி தொடங்கும்?”

“அந்த அஞ்சலிமலர்க்காரங்கள் நீட்டி எழுதுறாங்கள். ‘இவர் எப்படி இறந்தார்?’, ‘இவருடைய பிள்ளைகள் எந்த நாட்டில்?’ எண்டு தலைப்புப் போடுறாங்கள். மெசினே எழுதுது. சனமும் அதிலை கனநேரம் நிண்டு வாசிக்குது. நீங்களும் ஆளுக்கொரு எண்ணூறு சொல்லு எழுதுங்கோ, முன்னுக்கு வருவியள்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தது யார், எந்த ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், இதற்கு எண்ணூறு சொல்லா? இறுதிக் கிரியை நேரத்தைப் போடுவதற்கு முன்பு நான் இரண்டு இடத்தில் விசாரிப்பேன். ஒன்று செத்தவீட்டில், மற்றது கிரியை செய்யும் குருக்களிடம். ஒன்பது வருடத்தில் ஒரு நேரம் பிழைத்ததில்லை. அது அந்த மெசினுக்குக் கணக்கே இல்லை. என்னிடமிருந்து களவெடுத்தவன் அசல், நான் கொப்பி! இந்த அநியாயத்தை எந்த அரசாங்கக் கச்சேரியில் போய்ச் சொல்வது? தேடுபொறிக்காரருக்கு எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி வந்தது. அதையும் மெசின்தான் அனுப்பியிருக்கும்.

இப்படிக் கொதித்துக்கொண்டு இருந்தபோதுதான் மீசாலைக் கதிரவேலு செத்தார். ஒரு வியாழக்கிழமை விடியற்காலை. ஒன்பது மணிக்கு அவருடைய இளைய மகன் பிரவீணன் அறிவித்தலை எழுதிக்கொண்டு வந்தான். கிரியை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. பெற்றோர், மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எல்லோர் பெயரும் அதில் இருந்தது. கதிரவேலுவின் தாய் செத்தபோதும் அறிவித்தல் போட்டவள் நான்தான். ஆகவே கேட்டேன்.

“அப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தவ எல்லோ?”

“உவவோடை எங்களுக்குக் கதைபேச்சு இல்லை. கிணத்துப் பங்குக்கு வழக்கு வைச்சவ. பேர் வேண்டாம் அக்கா.”

வீட்டுக்காரர் சொல்வதைத்தான் போடுவோம். போட்டேன்.

மத்தியானம் பிரவீணன் தொலைபேசி எடுத்தான். நோர்வேயிலிருந்து மூத்தவனுக்கு விமானச்சீட்டுக் கிடைக்கவில்லை, இனிக் காத்திருந்து பயனில்லை. சனிப்பிணம் தனிப்போகாது என்று ஊரில் பெரியவர்களும் நெருக்குகிறார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கே எடுக்கப் போகிறார்கள். குருக்களையும் கேட்டுவிட்டு உடனே மாற்றினேன். பிறகு அஞ்சலிமலரைத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமை பத்து மணி என்றே கிடந்தது. அவர்கள் ஒருதரம் எடுத்தால் எடுத்ததுதான், திரும்பி வந்து பார்ப்பதில்லை. புதிதாக ஏதும் போட்டால் மட்டும் பாய்ந்து விழுந்து அள்ளிக்கொண்டு போவார்கள். பிழையைத் திருத்தும்படி அவர்களுக்கும் எழுதினேன். எழுதி என்ன? செவிடன் காதில் ஊதிய சங்கு.

சனிக்கிழமை பதினொரு மணியிருக்கும். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா படியேறி வந்தார். தோளில் ஒரு துணிப்பை, கையில் தொலைபேசி. ஏறி வந்த இளைப்பு அடங்கவில்லை, அதற்குள் கேட்டார்.

“உதயகலா எண்டது நீரோ?”

“ஓம் அம்மா. இருங்கோ.”

“நான் இருக்க வரேல்லை. உதிலை சனிக்கிழமை பத்து மணி எண்டு போட்டது ஆர்?”

தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அஞ்சலிமலர். கதிரவேலுவின் படம். அதன் மூலையில் என் தளத்தின் பெயர். அதை வைத்துத்தான் சந்தையடியில் விசாரித்து வந்திருக்கிறார்.

“நான் அவரின்ரை தங்கச்சி இராசமலர். சாவுச் செய்தி காதிலை விழுந்து, மோள் நெற்றிலை நேரம் தேடிப் பாத்துச் சொன்னவள். திருகோணமலையிலை இருந்து முதல் பஸ்ஸிலை வாறன். வீட்டுப் படலையடியிலை வந்து நிக்கிறன், பறைச் சத்தமும் இல்லை, சனமும் இல்லை. முற்றம் கழுவி ஈரமாக் கிடக்கு. என்ரை அண்ணையை நேற்றே எரிச்சுப்போட்டினம்.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எட்டு வருசமா அந்த வீட்டுப் படி மிதிக்கேல்லை. கல்யாணத்துக்குச் சொல்லாமல் போகேலாது, சாவுக்குப் போகலாம்தானே. முன்னுக்கே வந்தால் சண்டை வரும் எண்டுதான், கிரியை நேரம் கூட்டத்தோடை கூட்டமா நிண்டு, வாய்க்கரிசியைப் போட்டு முகத்தைப் பாத்திட்டுப் போவம் எண்டு நினைச்சனான்.”

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டில் பார்த்தால்தான் முகம்.

“அம்மா, உது என்ரை தளமில்லை, களவெடுத்தது. இஞ்சை பாருங்கோ என்ரையை, வெள்ளிக்கிழமை மூண்டு மணி எண்டு சரியாப் போட்டிருக்கிறன்.”

“உதை நான் எங்கை காணுறது?”

“நாலாம் பக்கத்திலை கிடக்கம்மா.”

பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. மாசி மாதம், மெசின், எண்ணூறு சொல், நன்றி சொல்லி வந்த ஒரு வரி, இரண்டு இடத்தில் விசாரிக்கும் என் வழக்கம், எல்லாவற்றையும் கொட்டினேன். ஊரே என்னைப் பிழையாக நினைக்கிறதே என்று மேசையில் அடித்தேன். மதுரா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான்தான் குடித்தேன்.

நான் கத்தி முடிக்கும்வரை இராசமலர் என் கணினியில் அறிவித்தலை வாசித்துக்கொண்டிருந்தார். விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக. அன்பு மகனும், அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும், அன்பு மாமனாரும், அன்புப் பாட்டனும் ஆவார். விரல் அங்கே நின்றது. திரும்ப மேலே போய் இன்னொருதரம் இறங்கி வந்தது.

“பிள்ளை, இதிலை சகோதரர் எண்டு ஒரு சொல்லும் இல்லையே.”

“வீட்டுக்காரர் வேண்டாம் எண்டவை அம்மா.”

“எங்கடை அம்மா செத்த நேரம் போட்டதும் நீர்தானே? அதிலை என்ரை பேர் இருந்தது. என்னை உமக்குத் தெரியும்.”

“ஓம்.”

“நேரத்தை ரெண்டு இடத்திலை கேட்டனீர். உரித்துக்காரர் ஆரெண்டு ஓரிடத்திலை எண்டாலும் கேட்டனீரே? எனக்கு ஒரு போன் எடுத்தனீரே? உந்த மெசின் உம்மை நாலாம் பக்கத்திலை எண்டாலும் வைச்சிருக்கு. நீர் என்னை எந்தப் பக்கத்திலை வைச்சனீர்?”

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் அவர்மேல்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது. முகமெல்லாம் சுட்டது. நாலு மாதமாக நான் எந்த மெசினைத் திட்டித் திரிந்தேனோ, அது செய்த அதே வேலையைத்தான் ஒரு வியாழக்கிழமை காலை இரண்டு நிமிடத்தில் செய்து முடித்திருக்கிறேன். கேட்காமல் மாற்றினார்கள் என்று குதித்தவள் நான்.

கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பழையதைத் திருத்தினால் கள்ளன் திரும்பி வரமாட்டான். ஆகவே புதிய பக்கம் திறந்து ‘திருத்திய மரண அறிவித்தல்’ என்று தலைப்புப் போட்டேன். மீசாலையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட என்று, எங்கள் வழக்கப்படியே தொடங்கினேன். கடைசியில் ‘திருகோணமலையில் வசிக்கும் இராசமலரின் அன்புச் சகோதரரும் ஆவார்’ என்று எழுதினேன்.

“அக்கா, வீட்டுக்காரரைக் கேக்காமலோ?” மதுரா பயந்துபோனாள்.

“தாயின்ரை அறிவித்தலிலை கிடக்கு. ஆளும் முன்னுக்கு நிக்கிறா. ரெண்டு இடத்திலை விசாரிச்சாச்சு.”

பதினொன்று நாற்பதுக்குப் போட்டேன். ஐம்பதுக்கு இராசமலரின் தொலைபேசியிலேயே தேடிப் பார்த்தோம். முதல் பக்கம், முதலாவது இடம், அஞ்சலிமலர். கள்ளன் ஓர் எழுத்து விடாமல் அள்ளியிருந்தான். அவர் தன் பெயரை வாசித்தார். பிறகு இரண்டு விரலால் தமையனின் படத்தைப் பெரிதாக்கினார். திரை முழுவதும் முகம் வந்தது. அப்போதுதான் அவர், நான் முதலில் இருக்கச் சொன்ன கதிரையில் உட்கார்ந்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்கு என் தொலைபேசி அடித்தது. பிரவீணன்.

“அக்கா, ஆரைக் கேட்டு உவவின்ரை பேரைப் போட்டனியள்? கனடாவிலை இருந்தெல்லாம் போன் அடிச்சுக் கேக்கினம். உலகம் முழுக்க முன்பக்கத்திலை நிக்குது. உடனை எடுங்கோ!”

“முன்பக்கத்திலை நிக்கிறது என்ரை இல்லைத் தம்பி,” என்றேன். “என்ரை நாலாம் பக்கத்திலை கிடக்கு. அதை நான் எடுக்கமாட்டன். மற்றதை எடுக்கச் சொல்லி அவங்களோடைதான் நீர் கதைக்கவேணும்.”

“அவங்கடை போன் நம்பரைத் தாங்கோ.”

“அதைத்தான் தம்பி நானும் மாசி மாதத்திலை இருந்து தேடுறன்.”