நெய்னா முகம்மது பெயருக்கு முன்னால்

என் மகள் நூர்நிஷாவைக் கோட்டைப்பட்டினத்து அன்வர் பாட்சாவின் மகனுக்குக் கொடுக்கிறோம். அந்தக் குடும்பத்துக்குத் தலை அன்வர் பாட்சாவின் அண்ணன் நெய்னா முகம்மது. சில மாதங்களாகப் படுக்கையில் இருக்கிறார்.

அழைப்பிதழைச் செய்தது என் மருமகள் சாமியா. திருச்சிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். பெரியவர்களின் விவரங்களை எக்ஸ்எம்எல் என்ற முறையில், குறிகளுக்குள் எழுதி வைத்திருந்தாள். வீட்டுக்கொரு லிங்க். அதைத் தொட்டால், ஜாவாஸ்கிரிப்டில் ஓடும் அவளுடைய சர்வர் அந்த எழுத்தை எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட் என்ற விதித்தாளில் கொடுத்து, அந்த நொடியில் அழைப்பிதழாக மாற்றிக் காட்டும். காலமானவர் என்று குறித்திருந்தால் பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' தானாக வரும். என் வாப்பா பெயருக்கு அப்படித்தான் வந்தது.

"நெய்னா அண்ணனுக்கு அது வந்துறக் கூடாது. தெளிவாப் போடு" என்றேன்.

"ஒண்ணும் போடலன்னாலே வராது மாமா."

"சும்மா விட்டா எப்படி? மர்ஹூம் இல்லைன்னு எழுது. என் கண்ணு முன்னால எழுது."

மர்ஹூம் என்ற குறியைத் திறந்து, உள்ளே 'இல்லை' என்று எழுதினாள். எனக்குத் திருப்தி.

அசர் தொழுதுவிட்டு வந்ததும் சம்பந்தி வீட்டு லிங்கை அனுப்பச் சொன்னேன். மாலை மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்து கொண்டிருந்தபோது சாமியா போனோடு ஓடி வந்தாள். பொன்னிற எழுத்தில், மர்ஹூம் நெய்னா முகம்மது அவர்கள்.

"இல்லைன்னுதானே எழுதுன?"

"ஸ்டைல்ஷீட்டு, குறிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்காது மாமா. அந்தக் குறி இருக்கான்னு மட்டும்தான் பாக்கும். இருந்தா மர்ஹூம்தான். நான் அதையும் மாத்தியிருக்கணும். மறுபடி தொறந்தும் பாக்கல."

"திருத்து!"

"திருத்திட்டேன். இனிமே தொடுறவங்களுக்குச் சரியா வரும். ஆனா அவங்க வீட்டுல ஏற்கெனவே தொறந்துட்டாங்க."

படுக்கையில் கிடப்பவரை இறந்தவராக எழுதிய வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? போன் அடித்தது. எழுந்து நின்று எடுத்தேன்.

"சம்பந்தி, மதினி அழுதுக்கிட்டு இருக்காங்க" என்றார் அன்வர் பாட்சா. "மூச்சோட இருக்கிற மனுசன மவுத்தாக்கிட்டீங்க. கம்ப்யூட்டர் படிச்ச மருமகள்னு பெருமை பேசுனீங்களே, அந்தப் புள்ள வேலையா?"

சாமியா கதவைப் பிடித்தபடி நின்றாள். ஆமாம் என்றால் அத்தோடு போய்விடும். எங்கள் வீட்டுப் பெண்ணை இன்னொரு வீட்டின் முன் நிறுத்தி நான் தப்பிப்பதா?

"அவ வேணாம்னுதான் சொன்னா. நான்தான் பிடிவாதமா எழுத வச்சேன். தப்பு என்னோடது. இப்பவே நேர்ல வாரேன்."

பின்னாலிருந்து இருமலோடு நெய்னா அண்ணனின் குரல் என் பெயரைச் சொல்லிக் கேட்டது.

"யாரு, ஜெகபரா? என் மய்யித்து மொகம் பாக்க வாரதா இருந்தா வெரசா வரச் சொல்லு."

அன்வர் பாட்சா சிரிக்கவில்லை. "வாங்க. மத்தது அப்பறம் பேசுவோம்" என்று வைத்துவிட்டார்.

நான் செருப்பை மாட்டுவதற்குள் சாமியா துப்பட்டியோடு வாசலில் நின்றாள்.

"நீ வேணாம்."

"எழுதுனது என் கை மாமா. நானே காட்டுறேன்."

கோட்டைப்பட்டினத்தில் எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நெய்னா அண்ணனின் மனைவி கட்டிலருகே இருந்தார். சாமியா சொன்னபடி தன் போனிலேயே லிங்கைத் தொட்டார். டவர் சரியில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பக்கம் திறந்தது. "நெய்னா முகம்மது அவர்கள்" என்று படித்தார். மறுபடியும் விரல் வைத்துப் படித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்வர் பாட்சாவைப் பார்த்தார்.

"என்ன, இவங்கள நிக்க வச்சிருக்கே? நாற்காலி எடுத்துப் போடு. அந்தப் புள்ளைக்கும்."