ஜப்பான்காரனுக்குப் பன்னிரண்டு சொடுக்கு

1.
இந்தக் கதை ஒரு அட்டவணையைப் பார்த்த எரிச்சலில் பிறந்தது. ஒரே ஸ்போர்ட்ஸ் கார் நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது என்று காட்டும் அட்டவணை. ஜப்பானில் விற்கும் காரில் ஷாக் அப்சார்பரின் தலையில் ஒரு குமிழ் இருக்கிறது. திருகினால் பன்னிரண்டு சொடுக்கு. மெத்தென்றும் வைத்துக்கொள்ளலாம், விறைப்பாகவும் வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பாக்காரனுக்கு மூன்று பொத்தான். நமக்கு ஒன்றும் கிடையாது, விறைப்பு மட்டும்தான். வழுவழு ரோட்டில் போகிறவனுக்குக் குமிழ், பள்ளத்தில் விழுகிறவனுக்கு விறைப்பு. எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ.*

* காரின் பெயரைத் தேடாதீர்கள். அட்டவணையும் நான் இட்டுக்கட்டியதுதான். கோபம் மட்டும் அசல்.

2.
முதல் தொடக்கம்: "அரியலூரின் சுண்ணாம்புப் புழுதியில், செம்பருத்திப் பூவைப் போல ஒரு சிவப்புக் கார்..." சே. விடுங்கள்.

பெரம்பலூரில் பட்டறை வைத்திருக்கும் சுதர்சன் ஒரு சிவப்புக் காரை ஜாக்கியில் ஏற்றி நிறுத்தியிருந்தான். கார் அரியலூர் கொளஞ்சியப்பனுடையது. சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகள் இருபத்திரண்டு வைத்திருப்பவர். குமிழ் வைத்த ஷாக் அப்சார்பர் நான்கையும் ஜப்பானிலிருந்து வரவழைத்து, பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அரியலூர் ரோட்டில் போனால் இடுப்பு கழன்றுவிடுகிறதாம். இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

சுதர்சனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருடைய டிப்பர்கள் அதே ரோட்டில் போட்ட பள்ளத்தில்தான் நான்கு மாதத்துக்கு முன் அவன் மனைவி மணிமொழி ஸ்கூட்டியோடு விழுந்தாள். வலது மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்கள். அவள் தையல்காரி. இன்றுவரை கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை.

(முதல் பிரதியில் மணிமொழியைக் கர்ப்பிணியாக்கியிருந்தேன். படித்த தோழி பூவிழி, "ஒரு பொம்பளைக்காகக் கோவப்படணும்னா வவுத்துல புள்ள இருந்தே ஆகணுமா? கை போனாப் பத்தாதா?" என்று கேட்டாள். வெட்கமாகப் போயிற்று. திருத்திவிட்டேன்.)

3.
முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். ஒன்றில், இந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று சுதர்சன் ஸ்பானரை வீசி எறிகிறான். இன்னொன்றில், நான்கையும் மாட்டி, கடைசிச் சொடுக்குவரை விறைப்பாக்கி, குமிழ்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். எனக்குப் பிடித்தது இதுதான், எழுதும்போது வாய்விட்டுச் சிரித்தேன். மூன்றாவதில் மணிமொழி பட்டறைக்கு வந்து, தகடு வைத்த கையை... வேண்டாம். அவளை அழவைக்க எனக்கு மனமில்லை.

எதையும் முடிக்க முடியவில்லை, அதற்குள் சுதர்சன் என்னை முந்திக்கொண்டான். ரோட்டைப் பற்றி, மணிமொழியின் கையைப் பற்றி, சுதர்சன் மனதில் இருந்ததையெல்லாம் கொளஞ்சியப்பனிடம் கொட்டிவிட்டான். அவர் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பர்மிட்டுக்கு மேல பத்து டன் ஏத்துனா வண்டி குந்திக்கும். குந்தாம இருக்க ஸ்பிரிங் பட்டையக் கூட்டிக் குடுத்தது யாரு? இருபத்திரெண்டு வண்டிக்கும் நீதானப்பா."

உண்மைதான். சுதர்சன் பட்டறையில் அது அன்றாட வேலை. டிப்பர் வந்து நின்றால், கேட்பதற்கு முன்பே அச்சுக்கு மேல் பாரம் தாங்க இரண்டு பட்டை கூட்டிவிடுவான். அந்தக் கூடுதல் பாரம்தான் ரோட்டைப் பள்ளமாக்கியது. நல்ல வேலைக்காரன் என்று பெயர் வாங்கியதே அதில்தான். இவ்வளவு பக்கம் அவனுக்காகக் கொதித்த நான் அதை யோசிக்கவே இல்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

4.
சுதர்சன் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கூட்டுன பட்டைய எல்லாம் கழட்டிடுறேங்க. ஒவ்வொரு வண்டியா அனுப்புங்க. அப்பறம் இத மாட்டித் தரேன்."

கொளஞ்சியப்பன் என்ன பதில் சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். சம்மதித்தார் என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். மறுத்தார் என்று எழுதினால் அவரை நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்குவீர்கள். அவர் லாரியில் போகும் சுண்ணாம்புக்கல்லை அரைத்துச் செய்த சிமெண்டில்தான் உங்கள் வீடும் நிற்கிறது, என் வீடும் நிற்கிறது. அவர் பதிலை நீங்களே சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம், மணிமொழியிடம் போய்ச் சொல்லுங்கள்.